ஐந்தாம் தலைமுறை: யார் போட்ட கணக்கு?

எஃப்-16 எத்தனையாவது தலைமுறைப் போர் விமானம்? பாதுகாப்புச் செய்திகளை விடாமல் படிக்கும் எந்த இளைஞரைக் கேட்டாலும் 'நாலு' என்று சட்டென்று சொல்வார். 1990-ல் இதே கேள்வியை ரிச்சர்ட் ஹாலியனிடம் கேட்டிருந்தால், 'ஆறு' என்றிருப்பார். ஹாலியன் விவரம் தெரியாதவர் அல்ல. பின்னாளில் அமெரிக்க விமானப்படையின் வரலாற்றுப் பிரிவுக்கே தலைமை வகித்தவர். ஜெட் போர் விமானங்களைத் தலைமுறை பிரித்து அந்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில் ஆறு படிகள் இருந்தன. ஒலி வேகத்தை நெருங்கியவை, தொட்டவை, தாண்டியவை என்று பெரும்பாலும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் எஃப்-16 உட்கார்ந்திருந்தது கடைசிப் படியில்.

சீனர்களின் கணக்கு வேறு. உலகம் ஐந்தாம் தலைமுறை என்று சொன்ன தங்கள் ஜே-20 விமானத்தை அவர்கள் நெடுங்காலம் நான்காம் தலைமுறை என்றே எழுதிவந்தார்கள். ரஷ்யாவோ சுகோய்-35-ஐ விற்கும்போது '4++' என்று கூட்டல் குறிகளை அடுக்கியது. இன்னும் வேடிக்கை, நாலரை! 2010-ம் நிதியாண்டுக்கான அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்திலேயே '4.5 தலைமுறை' என்றால் என்ன என்று விளக்கம் உண்டு: எஃப்-15, எஃப்-16, எஃப்-18 போன்ற விமானங்களில் புதுவகை ரேடாரும், அதிவேகத் தகவல் இணைப்பும், புதிய ஆயுதங்களைச் சுமக்கும் வசதியும் இருந்தால் அது நாலரை. அரைத் தலைமுறைக்குச் சட்டம் போட்ட நாடு வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

'இந்தியாவுக்கு ஐந்தாம் தலைமுறை விமானம் எப்போது?' என்று தொலைக்காட்சி விவாதங்களில் தொண்டை வறளக் கத்துகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது, எவ்வளவு விளம்பரம் இருக்கிறது? விமானங்களை வரிசையாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

பத்து மணி நேர எஞ்சின்

முதல் தலைமுறை இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிறந்தது. ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 262, பிரிட்டனின் குளோஸ்டர் மீட்டியர் இரண்டுமே 1944-ல் களம் கண்டன. மெசர்ஷ்மிட்டைத் துரத்திப் பிடிக்க நேச நாடுகளின் எந்த விமானத்தாலும் முடியவில்லை. ஆனால் அதன் எஞ்சின் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம் ஓடினாலே அதிகம். கொதிக்கும் வாயுவைத் தாங்கும் டர்பைன் இதழ்களுக்கு நிக்கலும் குரோமியமும் வேண்டும். முற்றுகையில் இருந்த ஜெர்மனியிடம் இரண்டுக்கும் பஞ்சம். வடிவம் நாளைக்கு, உலோகம் நேற்றைக்கு. இந்தப் பொருத்தமின்மையை நினைவில் வையுங்கள். எண்பது ஆண்டு கழித்து, நம் ஊரிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொரியப் போரில் அமெரிக்காவின் சேபரும் சோவியத்தின் மிக்-15-ம் மோதின. மிக்-15-ன் எஞ்சின் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்க்கால நட்பின் ஈரம் காயாத நேரத்தில், பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு ரோல்ஸ்ராய்ஸ் நீன் எஞ்சின்களை மாஸ்கோவுக்கு விற்றது. சோவியத் பொறியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த நகல் எஞ்சின் பூட்டிய மிக்குகள் கொரிய வானில் அமெரிக்க விமானங்களைச் சுட்டுக்கொண்டிருந்தன.

வாலில் சொருகிய பாடம்

1958 செப்டம்பர் 24. தைவான் ஜலசந்தியின் மேல் தைவானின் சேபர் விமானங்கள், சீனாவின் மிக்-17-களை நோக்கி ஒரு புதுப் பொருளை ஏவின. எதிரி எஞ்சினின் வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும் சைட்வைண்டர் ஏவுகணை. வான்போர் வரலாற்றில் வழிகாட்டப்பட்ட ஏவுகணை எதிரி விமானத்தை வீழ்த்தியது அன்றுதான் முதல்முறை. அதில் ஒன்று மிக்-17-ன் உடலில் சொருகியும் வெடிக்கவில்லை. அந்தச் சீன விமானி ஏவுகணையோடு தரையிறங்கிவிட்டார்! வெடிக்காத அந்தச் சரக்கு சோவியத்துக்குப் போனது; அதிலிருந்து கே-13 ஏவுகணை பிறந்தது. பிற்பாடு நம் மிக்-21-களின் இறக்கைகளுக்கு அடியில் தொங்கியது அதே கே-13 தான்.

இரண்டாம் தலைமுறை என்று நாம் சொல்வது இந்த ஏவுகணையும் ஒலியைப் போல இரு மடங்கு வேகமும் சேர்ந்த கூட்டணியை. மிக்-21, அமெரிக்காவின் ஸ்டார்ஃபைட்டர், பிரான்சின் மிராஜ்-3 எல்லாம் இந்த ரகம். உயரப் பறந்துவரும் அணுகுண்டு விமானத்தை ஓடிப்போய் மறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்காகவே பெற்ற பிள்ளைகள். கொஞ்சம் எரிபொருள், சின்ன ரேடார், குட்டி இறக்கை, எல்லையில்லா அவசரம்.

மிக்-21 1963-ல் இந்தியாவுக்கு வந்தது. 870-க்கும் மேற்பட்டவை நம் படையில் சேர்ந்தன. 1971 போரில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர்களை வீழ்த்தின. அதன்பிறகு விபத்துகளும் தொடர்ந்தன. அவற்றில் இறந்த இளம் விமானிகளின் பட்டியல் நீளம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடை கொடுத்தார்கள். 62 ஆண்டு! தாத்தா ஓட்டிய ரகத்தைப் பேரன் ஓட்டியிருக்க முடியும்.

இங்கேதான் தலைமுறைக் கணக்கு இடறுகிறது. கடைசிவரை பறந்தது பழைய மிக்-21 அல்ல, 'பைசன்'. உடம்பு அறுபதுகளின் வடிவம். உள்ளே புது ரேடார், கண்ணுக்கெட்டாத தூரத்தில் அடிக்கும் ஆர்-77 ஏவுகணை, விமானி தலை திருப்பும் திசையில் குறி பார்க்கும் ஹெல்மெட். 2004-ல் குவாலியரில் அமெரிக்க எஃப்-15-களோடு நடந்த கூட்டுப் பயிற்சியில் இந்தப் பைசன்கள் விருந்தாளிகளை வியக்கவைத்தன. பயிற்சியின் நிபந்தனைகள் அமெரிக்கர்களுக்குச் சாதகமாக இல்லை என்பது உண்மை. ஆனாலும், இரண்டாம் தலைமுறை என்று ஓரங்கட்டப்பட்ட ஒன்று நான்காம் தலைமுறையைத் திணறடித்தது எப்படி? 2019 பிப்ரவரியில் அபிநந்தன் வர்த்தமான், பாகிஸ்தான் விமானங்களை எதிர்கொள்ளக் கிளம்பியதும் இதே பைசனில்தான். இதை இரண்டு என்பீர்களா, மூன்று என்பீர்களா?

துப்பாக்கி எதற்கு என்றவர்கள்

மூன்றாம் தலைமுறையின் முகம் அமெரிக்காவின் எஃப்-4 ஃபேன்டம். இரட்டை எஞ்சின், இருவர் இருக்கை, முகப்பில் பெரிய ரேடார், பார்வைக்கு எட்டாத தூரத்தில் அடிக்கும் ஸ்பேரோ ஏவுகணை. இவ்வளவும் இருக்க, துப்பாக்கி எதற்கு? நெருங்கி வந்து சுற்றிச் சுற்றிச் சண்டை போடும் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று முடிவு கட்டி, ஃபேன்டத்தைத் துப்பாக்கியே இல்லாமல் செய்தார்கள்.

வியட்நாம் அந்த முடிவைக் கிழித்துப்போட்டது. 1965 ஏப்ரல் 4 அன்று, 'தான் ஹோவா' என்ற பாலத்தைக் குண்டு வீசித் தகர்க்கப் போன எஃப்-105 விமானங்களில் இரண்டை, ஒலி வேகத்தைக்கூடத் தாண்ட முடியாத மிக்-17-கள் சுட்டு வீழ்த்தின. ஒரு தலைமுறை கீழே இருப்பவன் மேலே இருப்பவனை அடித்த கதை. ஃபேன்டத்தின் ஸ்பேரோ ஏவுகணையோ போரின் முதல் கட்டத்தில் பத்துக்கு ஒன்றுகூடச் சரியாகத் தைக்கவில்லை. உயரத்தில் நேர்கோட்டில் பறக்கும் பெரிய குண்டு விமானத்துக்காகச் செய்தது அது. காட்டுக்கு மேலே தாழப் பறந்து திரும்பி நெளியும் மிக்கை எப்படிப் பிடிக்கும்? வெப்பமண்டல ஈரமும் கப்பல் தளத்தின் குலுக்கலும் அதன் மின்னணுவைப் பாடாய்ப் படுத்தின. எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதால், கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே சுடலாம் என்று உத்தரவு இருந்தது. முப்பது கிலோமீட்டர் தூரம் பார்க்கும் ரேடார் இருந்து என்ன பயன்?

அமெரிக்கக் கடற்படை 1968-ல் ஓர் ஆய்வு நடத்தி, மறு ஆண்டே மிராமரில் 'டாப் கன்' பள்ளியைத் தொடங்கியது. விமானப்படை, எஃப்-4இ ரகத்தில் பீரங்கியை மூக்குக்கு அடியில் கொண்டுவந்து வைத்தது. விமானத்தை மாற்றாமல் விமானியை மாற்றியதில்தான் கடற்படைக்கு அதிக பலன் கிடைத்தது. போரின் கடைசிக் கட்டத்தில் அவர்களுடைய வெற்றி விகிதம் பல மடங்கு ஏறியது. தலைமுறை எண்ணில் விமானிக்குக் கட்டம் ஒதுக்கியவர் யாருமில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விழத் துடிக்கும் விமானம்

அந்தச் சூட்டில் பிறந்தது நான்காம் தலைமுறை. எஃப்-15, எஃப்-16, சோவியத்தின் மிக்-29, சுகோய்-27, பிரான்சின் மிராஜ் 2000 எல்லாம் எழுபதுகளில் முதன்முதலாகப் பறந்தவை. மறுபடி நெருக்குச் சண்டைக்குத் தயாரானார்கள். அதற்காக ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். அதுவரை விமானம் என்றால் கைவிட்டாலும் தானே நேராக நிற்க வேண்டும் என்பது விதி. எஃப்-16-ஐ வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்தார்கள். உள்ளங்கையில் நிறுத்திய கம்பு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் சாயத் தயாராக இருக்கும் விமானம். சாயத் துடிப்பதால்தான் அது நொடியில் திரும்புகிறது. அதை ஒவ்வொரு கணமும் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது விமானி அல்ல, கணினி. விமானி கைப்பிடியை அசைப்பது ஒரு கோரிக்கை மட்டுமே. எந்த மடலை எவ்வளவு திருப்புவது என்று முடிவு செய்வது மென்பொருள். ஃப்ளை-பை-வயர் என்பது இதுதான்.

நம் தேஜஸும் இந்த வகை. அதன் பறக்கும் மென்பொருளுக்காக இந்தியப் பொறியாளர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1998 பொக்ரான் சோதனை நடந்தது. தடை வந்தது. ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருவிகள் அங்கேயே சிக்கிக்கொண்டன. மிச்சத்தைப் பெங்களூரில் உட்கார்ந்து எழுதி முடித்து, 2001 ஜனவரி 4 அன்று தேஜஸை வானில் ஏற்றினார்கள். அந்தத் தேஜஸின் முதல் இரண்டு படைப்பிரிவுகளும் கோவைக்குப் பக்கத்தில் சூலூரிலிருந்து பறந்தவை. இருபதாண்டுச் சோதனைப் பறப்புகளில் அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருள் நம்பகமானது என்று பெயர் எடுத்தது. தேஜஸைக் குறை சொல்பவர்கள்கூட அதில் கை வைப்பதில்லை.

நாலரை பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பழைய உடம்பில் புதுக் கண். சுழலும் தட்டு போய், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அலைபரப்பிகளை அடுக்கிய ஏஇஎஸ்ஏ ரேடார் வந்தது. நம் ரஃபேல் இந்த வகை. பாகிஸ்தான் சீனாவிடம் வாங்கிய ஜே-10சி-யும் இதே வகை. 2025 மே மாதம் இந்த இரண்டு தரப்பும் மோதியபோது, எல்லையைத் தாண்டாமலேயே, பார்வைக்கு எட்டாத தூரத்திலிருந்து ஏவுகணைகள் பறந்தன. சீனத் தயாரிப்பான பிஎல்-15-ன் பாகங்கள் பஞ்சாபில் வயலில் கிடைத்தன. வீழ்ந்தவை எத்தனை என்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போகவில்லை. நம் தரப்பில் இழப்பு உண்டு என்பதை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். அந்த இரவில் யார் எந்தத் தலைமுறை என்பது பெரிதாக இல்லை. யாருடைய ஏவுகணை எவ்வளவு தூரம் போகும், பின்னால் பறக்கும் ரேடார் விமானம் யாருக்கு முன்கூட்டித் தகவல் கொடுக்கும் என்பதே பெரிதாக இருந்தது.

நாலாம் படி மூலம்

இனி அந்த மந்திர எண், ஐந்து. இதன் அடிப்படை ஸ்டெல்த். ரேடார் கண்ணுக்குச் சிறுத்துப் போகும் கலை. கோட்பாட்டை எழுதியவர் ஒரு சோவியத் விஞ்ஞானி, பியோத்தர் உஃபிம்ட்செவ். விளிம்புகளில் அலைகள் எப்படிச் சிதறுகின்றன என்று 1962-ல் மாஸ்கோவில் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே அதை ராணுவ ரகசியமாக யாரும் நினைக்கவில்லை. அமெரிக்க விமானப்படை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தில் டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற கணித வல்லுநர் அதைப் படித்து, விமானத்தின் எந்தச் சாய்வு எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்பும் என்று கணக்குப் போடும் நிரல் எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் கறுப்பாய், பட்டை தீட்டிய மாதிரி இருக்கும் எஃப்-117.

ஸ்டெல்த் என்றால் மாயமாய் மறைவது என்று நினைக்கிறோம். இல்லை. ரேடார் பார்க்கும் தூரம், பொருளின் எதிரொலிப் பரப்பின் நாலாம் படி மூலத்தைப் பொறுத்தது. அதாவது, எதிரொலிப்பைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் பார்க்கும் தூரம் பாதிதான் குறையும். 300 கிலோமீட்டரில் தெரிவதை 30 கிலோமீட்டரில் மட்டும் தெரியச் செய்ய வேண்டுமென்றால், எதிரொலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். இந்தக் கணக்குதான் ஐந்தாம் தலைமுறையை இவ்வளவு விலை உயர்ந்ததாக்குகிறது. ஏவுகணையை இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டால் போச்சு. வயிற்றுக்குள் அறை வைத்துப் பூட்ட வேண்டும். கதவுகளின் விளிம்பு பல் பல்லாக இருக்க வேண்டும். காற்றை உறிஞ்சும் வாய் நேராக எஞ்சினைக் காட்டக் கூடாது. மேல் பூச்சு உரியக் கூடாது. எஃப்-35 திட்டத்தின் ஆயுட்காலச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்று அமெரிக்கத் தணிக்கையாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வாங்கும் செலவு அல்ல, பராமரிப்பு.

எஃப்-35-ல் வியக்கத்தக்கது அதன் மறைவைவிட, அதன் பார்வை. உடலைச் சுற்றி ஆறு அகச்சிவப்புக் கேமராக்கள். அவை காண்பதெல்லாம் விமானியின் ஹெல்மெட் கண்ணாடியில் விழுகிறது. குனிந்து தன் முழங்காலைப் பார்த்தால், விமானத்தின் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் நிலம் தெரியும். ரேடார், கேமரா, பக்கத்தில் பறக்கும் கூட்டாளியின் தகவல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக விமானிக்குத் தருகிறது கணினி.

ஆனால் எண் விவகாரத்துக்கு வாருங்கள். முதல் ஐந்தாம் தலைமுறை விமானமான எஃப்-22 வந்தபோது, ஆஃப்டர்பர்னர் போடாமலே ஒலி வேகத்தைத் தாண்டி நீடித்துப் பறப்பது இந்தத் தலைமுறையின் அடையாளம் என்றார்கள். பிறகு வந்த எஃப்-35-க்கு அது முடியாது. இரண்டையும் செய்தது லாக்ஹீட் மார்ட்டின். என்ன செய்தார்கள்? அந்த அடையாளத்தைத் தங்கள் விளக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 'ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம்' என்ற சொல்லையே வணிக முத்திரையாகப் பதிவு செய்யவும் முயன்றார்கள். தலைமுறைக்கே பட்டா கேட்ட கம்பெனி!

187 எஃப்-22-களோடு படைக்கான தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்கு விற்கச் சட்டத் தடை உண்டு. அந்த விமானம் வானில் வீழ்த்திய முதல் இலக்கு எது? 2023 பிப்ரவரி 4 அன்று, தெற்கு கரோலினா கடற்கரைக்கு அப்பால், ஒரு சீன பலூன். வீழ்த்திய ஆயுதம்? 1958-ல் தைவான் ஜலசந்தியில் முதன்முதலாகப் பாய்ந்த சைட்வைண்டரின் வாரிசு.

ஆறாம் தலைமுறை ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. 2024 டிசம்பர் 26 அன்று செங்டுவில் வாலில்லாத, மூன்று எஞ்சின் விமானம் ஒன்று பட்டப்பகலில் பறந்ததைச் சீனர்களே படம் பிடித்துப் போட்டார்கள். மூன்று மாதத்தில் டிரம்ப், போயிங் செய்யப்போகும் எஃப்-47-ஐ அறிவித்தார். பிரிட்டன், ஜப்பான், இத்தாலி ஓர் அணி. ஆளில்லா விமானங்களை மந்தையாகக் கூட்டிப் போவது என்று பொதுவாகப் பேசுகிறார்கள். ஆறுக்கு இன்னும் ஒப்புக்கொண்ட இலக்கணம் கிடையாது. முதலில் பெயர், பிறகு விளக்கம் என்ற வழக்கம் அங்கும் தொடர்கிறது.

எண்ணுக்குள் அடங்காதது

இந்தியாவின் நிலை என்ன? 42 படைப்பிரிவுகள் வேண்டிய இடத்தில், மிக்-21 போனபிறகு 29. ரஷ்யாவோடு சேர்ந்து ஐந்தாம் தலைமுறை விமானம் செய்யும் திட்டத்திலிருந்து 2018-ல் வெளியே வந்தோம். சொந்தமாக ஆம்கா என்ற இரட்டை எஞ்சின் ஸ்டெல்த் விமானத்துக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. படையில் சேர 2035 ஆகும் என்கிறார்கள்.

ஆம்காவின் வடிவத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வடிவம் போடத் தெரிந்தவர்கள் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கவலை எஞ்சினில். 1961-லேயே ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் எச்எஃப்-24 மாருத்தைப் பறக்கவிட்டோம். இரண்டாம் தலைமுறைக்கான அழகான உடம்பு. அதற்கென்று நினைத்த பலமான எஞ்சினைப் பிரிட்டன் கைவிட்டது. பணம் போட்டு முடிக்க டெல்லி தயங்கியது. முதல் தலைமுறை எஞ்சினைப் பூட்டிக்கொண்டு, ஒலி வேகத்தை முழுதாய்த் தாண்டாமலே மாருத் ஓய்வு பெற்றது. தேஜஸுக்காக 1989-ல் காவிரி எஞ்சின் திட்டம் தொடங்கினோம். வேண்டிய உந்துவிசை வரவில்லை. 2008-ல் தேஜஸிலிருந்து காவிரியைப் பிரித்துவிட்டார்கள்.

காரணம் சோம்பல் அல்ல. நவீன ஜெட் எஞ்சினின் டர்பைன் இதழைத் தொடும் வாயுவின் வெப்பம், அந்த இதழ் செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். அந்தச் சூட்டில் உருகாமல், நீளாமல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல வேண்டும். அதற்காக முழு இதழையும் ஒற்றைப் படிகமாக வார்த்து, உள்ளே நூல் கனத் துளைகள் இட்டுக் குளிர்காற்றைச் செலுத்துகிறார்கள். இந்தக் கைப்பக்குவம் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடம்தான் உண்டு. சீனாவே தன் ஜே-20-ன் முதல் விமானங்களை ரஷ்ய எஞ்சினோடுதான் பறக்கவிட்டது.

இந்தக் கைப்பக்குவம் இல்லாததற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைத் தேஜஸ் மார்க்-1ஏ காட்டிக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம். முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்குடையது. அந்த ரகத் தயாரிப்பு வரிசையை மறுபடி முடுக்கிவிட அவர்களுக்கு நாளானது. 2024 மார்ச் கடந்தபோது, மார்க்-1ஏ-வுக்கான ஓர் எஞ்சின்கூட வந்திருக்கவில்லை. முதலாவது எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. கூடத்தில் விமானங்கள் நின்றன, விமானப்படைத் தளங்கள் காத்திருந்தன.

ஆம்காவின் முதல் ரகமும் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-414 எஞ்சினில்தான் பறக்கும். அடுத்த ரகத்துக்குப் பிரான்சின் சஃப்ரானோடு சேர்ந்து இந்தியாவிலேயே எஞ்சின் உருவாக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிவித்தார். படிகம் வார்க்கும் வித்தை முழுவதும் கைமாறுமா, பூட்டிய பெட்டியாக வருமா என்பதை முடிவு செய்யப்போவது அந்த ஒப்பந்தத்தின் வரிகள். ஆம்காவைப் பற்றி அடுத்த முறை விவாதம் நடத்துபவர்கள், அது எத்தனையாவது தலைமுறை என்பதைவிட முதலில் இதைக் கேட்கட்டும்.